மெழுகக் கூடாத தரை

1

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளாக என் வீட்டுத் தரைக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறேன். இத்தனைக்கும் மரம் தேர்ந்தெடுப்பதுதான் என் பிழைப்பு.

மலாய் நாட்டில், ஈப்போவுக்குப் பக்கத்தில், மரம் அறுக்கிற மில் ஒன்றில் நான் கிராணி. கிராணி என்றதும் உங்களுக்கு நாற்காலியும் மைக்கூடும் ஞாபகம் வரும். எனக்கு அவை கிடையாது. கையில் ஒரு சாக்கட்டியோடு நாள் முழுவதும் நிற்பேன். வாளிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பார்த்து, இது துரைமார் பங்களாத் தரைக்கு, இது கதவுக்கு, இது ரப்பர் அடைக்கிற பெட்டிக்கு என்று கோடு போடுவேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே மரத்தின் பேரைச் சொல்லிவிடுவேன். திண்டிவனத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்த கூலிக்காரன் மகனுக்கு இந்த வித்தை போதும் என்றுதான் இறுமாந்திருந்தேன்.

சண்டை முடிந்து மில் பழையபடி ஓட ஆரம்பித்ததும், தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, பழைய ஆட்களுக்கு மில்லின் பின்பக்கம் ஆளுக்கொரு துண்டு மனை கொடுத்தார். என் வீட்டுக்குத் தூண் நட்டாயிற்று, கூரையும் போட்டாயிற்று. தரைதான் பாக்கி. தவுக்கே பேசுவது பாதித் தமிழ், பாதி மலாய். நான் முழுத் தமிழாகவே தருகிறேன்.

"ஏழுமலை, தரைக்கு எது வேணுமோ நீயே பார்த்து எடு" என்றார்.

பார்க்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல என்ன இருக்கு? பத்து வருஷம் போதும்னா மெராந்தி எடு. பேரன் காலம் வரைக்கும்னா செங்கால் எடு. எத்தனை வருஷம் இங்கே இருக்கப் போறே, அதைச் சொல்லு."

இந்த மண்ணில் இருபது வருஷம் தள்ளியவனிடம் அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. ஆனாலும் மரத்தூள் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சொந்த வீட்டுக்கென்று இதற்கு முன் ஒரே ஒரு தரம் தரை தேர்ந்தெடுத்திருக்கிறேன். அது விழுப்புரத்தில். அந்தக் கதையை யாரிடமாவது சொல்லித் தொலைக்காமல் இந்த மரத்தில் கை வைக்க முடியாது போலிருக்கிறது.

2

அஞ்சலை என் மனைவி. திண்டிவனத்துப் பெண். சொந்தமாகக் காணி நிலம் இல்லாத குடும்பம். என் குடும்பமும் அப்படித்தான். பத்து வயசிலிருந்து பண்ணைக்காரர் வீட்டில் சாணி அள்ளி, அவர்கள் களத்தை மெழுகி, பிறகு தன் வீட்டுக்கு வந்து தன் வீட்டையும் மெழுகியவள். கல்யாணத்தின்போதே அவளுக்கு முட்டி இரண்டும் காய்த்திருந்தது.

கல்யாணமான கையோடு அவளை மலாய்க்குக் கூட்டிவந்தேன். மில்லில் கொடுத்த வீடு, இங்கே எல்லா வீட்டையும்போல, தூண்மேல் நிற்கிற பலகை வீடு. முதல் வெள்ளிக்கிழமை காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றாள். பிறகு தானாகவே சிரித்தாள்.

"இந்த ஊரு மழையும் புடிக்கல, இந்த ஊரு அரிசியும் புடிக்கல. இந்தப் பலகைத் தரை ஒண்ணுதாங்க புடிச்சிருக்குது. பெருக்கிட்டா வேலை முடிஞ்சிது பாருங்க!"

அவள் இந்த நாட்டைப் பற்றி நல்லதாகச் சொன்னது அந்த ஒன்றுதான். மகள் பாக்கியம் இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு ஏழு வயசானபோது ஊருக்குத் திரும்புவது என்று அஞ்சலை தீர்மானித்தாள். எனக்கும் சம்மதம்தான். விழுப்புரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு துண்டு மனை வாங்கி வீடு கட்டி இவர்களைக் குடிவைப்பது, நான் இன்னும் இரண்டு வருஷம் இங்கே உழைத்துவிட்டு வந்து, அங்கேயே ஒரு மரக்கடை போடுவது. அந்த வீட்டுக்குப் பலகைத் தரை போட்டுத் தருகிறேன் என்று அஞ்சலைக்கு வாக்குக் கொடுத்தேன். இனி அவள் சாணியில் கை வைக்க வேண்டியதில்லை.

இதில் என் திமிரும் கலந்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தரைக்குச் செங்கால் மரத்தைத்தான் நான் எடுத்திருக்க வேண்டும். தண்ணீரும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பார்வைக்கு மங்கலாக இருக்கும். மெர்பாவ் என்று இன்னொரு மரம் இருக்கிறது. நல்ல செம்மரம். மெருகு போட்டால் முகம் தெரியும். துரைமார் அதைத்தான் கேட்பார்கள். அதில் ஒரே ஒரு கோளாறு, தண்ணீர் ஊறினால் செஞ்சாயத்தைக் கக்கும். வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்று மெர்பாவையே எடுத்தேன். பண்ணைக்காரர் வீட்டில்கூட இல்லாத தரை என் வீட்டில் இருக்க வேண்டும். அவர் அதை வந்து பார்க்க வேண்டும். அப்போது எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஒரு ஓரம் நாக்கும் மறு ஓரம் காடியுமாக, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி அறுத்து, கட்டுக்கட்டாகக் கப்பலில் ஏற்றினேன். சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்து ஆபீசர் கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"இது என்னய்யா? விக்கறதுக்கா?"

"இல்லீங்க. வீட்டுச் சாமான்."

"கட்டிலா, பீரோவா?"

"தரைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மரம் என்றால் எழுதி நிரப்ப ஒரு பாரம், வீட்டுச் சாமான் என்றால் வேறொரு பாரம். தரைக்குப் பாரம் எதுவும் அவரிடம் இல்லை. மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி அவருக்கு மேலே ஒருத்தரிடம் போனார். அஞ்சலையும் பாக்கியமும் கட்டின்மேல் உட்கார்ந்து நாலு நாள் காத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் யாரோ வெறுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

3

வீடு கட்டி முடிகிற வரைக்கும் அஞ்சலையின் தம்பி தேசிங்கு வீட்டில் தங்கியிருந்தோம். தேசிங்கு விழுப்புரம் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வாயும் வெள்ளை, மனசும் வெள்ளை. பாக்கியம் அவன் வீட்டு மண் தரையில் கால் வைக்க மாட்டேன் என்று முதல் இரண்டு நாள் பாயைவிட்டு இறங்கவில்லை. "மாமா வூட்ல தரையே போடலப்பா" என்றாள். தேசிங்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

திண்டிவனத்திலிருந்து ஒரு ஆசாரியை அவன்தான் கூட்டிவந்தான். வண்டிச் சக்கரமும் நிலைக்கதவும் செய்கிற கை. பலகையை எடுத்து, தடவி, தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"கதவுக்குப் போட்டிருக்கேன், பரணைக்குப் போட்டிருக்கேன். மிதிக்கறதுக்கா இவ்ளோ நல்ல மரத்தப் போடுவாங்க? பாவங்க" என்றார்.

பிறகு அஸ்திவாரத்தைப் பார்த்தார். மண்ணை ரொப்பி, அதன்மேல் சட்டம் போட்டு, அதன்மேல் பலகை அடிக்கச் சொல்லியிருந்தேன். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது.

"அடியில காத்து போவணுங்களே. ஈரம் பூந்திச்சின்னா வெளியே வர வழியில்லயே."

"ஈரம் எங்கேருந்து வரும்? எனக்கே மரம் சொல்லித் தர்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் நான் சொன்னபடியே அடித்துக் கொடுத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்ததாக அவரை அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் ஊசி விற்க வந்தவன் நான். மலாய் வீடு காலை உயர்த்திக்கொண்டு நிற்கும், அடியில் கோழி மேயும், காற்று போகும். நான் மலாய்த் தரையைத் தூக்கிக்கொண்டு வந்து விழுப்புரத்து மண்ணில் படுக்க வைத்தேன்.

தரையைப் பார்க்கத் தெருவே வந்தது. திருவாமாத்தூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பண்ணைக்காரர் வரவில்லை. பெண்கள் செருப்பில்லாத காலையும் ஒரு தரம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"அது செரி அஞ்சல, வெள்ளிக்கெழமைக்கு இன்னா பண்ணுவ? அமாவாசைக்கு? இத மெழுக முடியாதே?"

"பெருக்கிட்டு வாசல்ல கோலம் போட்டா ஆச்சிக்கா."

"மெழுகாத வூடு எழவு வூடும்பாங்க. பாத்துக்கோ."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில்தான் காரியம் முடிகிறவரை மெழுக மாட்டார்கள், கோலம் போட மாட்டார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான்தான் குதித்தேன். இந்தத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, சாணி என்கிற பேச்சே எடுக்கக்கூடாது என்று அஞ்சலைக்குத் தெருவுக்கே கேட்கும்படி உத்தரவு போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ரயிலேறும்போது, "ரெண்டே வருஷம்" என்றேன்.

"ஜல்தியா வந்துடுங்க. நீங்க இல்லாத வூட்டுக்கு இந்தத் தரை ரொம்பப் பெருசு" என்றாள்.

4

இரண்டு வருஷம் முடிந்தபோது ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மரத்துக்குக் கிராக்கி. தவுக்கே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து இரு என்றார். நானும் இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று எழுதினேன். அந்த ஒரு வருஷத்தின் கடைசியில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். தபால் நின்றது. அதற்குப் பிறகு மூன்றரை வருஷத்துக்கு மேல் ஒரு வரி போகவும் இல்லை, வரவும் இல்லை.

மில்லை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். சயாம் காட்டில் போடுகிற ரயிலுக்கு என்று சொல்லித் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகளாக அறுக்கச் சொன்னான். கட்டை அறுக்கிறவர்கள் என்பதால் எங்களைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களை லாரி லாரியாக ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தனின் பெண்டாட்டி ராசாத்தி. அவன் திரும்பவில்லை. நான் அறுத்த கட்டையைத் தூக்கித்தான் செத்தானோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

ராசாத்தி அடுப்பெரிக்க மரத்தூள் அள்ள மில்லுக்கு வருவாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பேர் சரசு. மரவள்ளிக் கிழங்கும் இல்லாத நாட்கள் அவை. என்னிடம் இருந்ததில் பாதியைக் கொடுத்தேன். பிறகு மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு எரிந்தது. பிறகு ஒரே வீடாயிற்று. இதற்கு நியாயம் சொல்லப்போவதில்லை. பசிதான் காரணம் என்றால் அதில் பாதிதான் உண்மை. இப்போது கட்டுகிற வீடு இவர்களுக்காகத்தான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஊரில் எனக்கு வேண்டியவர்கள் இதைப் படிக்கவும் கூடும்.

சரசுவுக்கு இப்போது பத்து வயசு. என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். விளையாடுவது மலாயில், சண்டை போடுவது சீனத்தில், சாப்பாடு கேட்கிறபோது மட்டும் தமிழ். "அப்பா, சோறு மக்கான் பண்ணலாம்" என்பாள். அதிலும் மக்கான் மலாய், சாப்பிடுவது என்று அர்த்தம். சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் அவளுக்கு நான் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறேன். என் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

5

சண்டை முடிந்து முதல் கப்பல் தபாலில் ஊருக்கு எழுதினேன். பதில் பாக்கியத்தின் கையெழுத்தில் வந்தது. மணி மணியான எழுத்து. "அன்புள்ள அப்பாவுக்கு" என்று தொடங்கியிருந்தாள். நான் உயிரோடிருப்பது தெரிந்ததும் அம்மா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாளாம். தான் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு நின்றுவிட்டாளாம். பிறகு, தரையைப் பற்றி நாலு வரி. அம்மா தினமும் சாணி போட்டு மெழுகியதில் பலகை இற்றுப்போய்விட்டது. கரையான் ஏறிவிட்டது. போன ஐப்பசி மழையில் அம்மாவின் கால் பலகைக்குள் போய்விட்டது. அதிலிருந்து சாய்ந்துதான் நடக்கிறாள்.

உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். ஏழு வருஷம் பிரிந்திருந்த மனைவிக்கு எழுதிய கடிதம். இரண்டு பக்கம். இரண்டு பக்கமும் மரத்தைப் பற்றி. தண்ணீர் படக்கூடாது என்று எத்தனை தரம் சொன்னேன், மெர்பாவ் என்ன மரம் தெரியுமா, உனக்கெல்லாம் மண்தரைதான் லாயக்கு என்று எழுதினேன். காலைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போது வருகிறேன் என்று இல்லை. ராசாத்தியைப் பற்றி இல்லை. மனசில் குற்றம் இருப்பவனுக்குக் கோபம்தான் முதலில் வரும் என்பதை அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

அஞ்சலை பதில் சொல்லவில்லை. தேசிங்குதான் எழுதியிருந்தான். அவன் பேசுகிற மாதிரியேதான் எழுதுவான்.

"மாமா, நீங்க எழுதின லெட்டர நான்தான் அக்காவுக்குப் படிச்சிக் காட்னேன். பாதியில நிறுத்திட்டேன். சண்டை வந்து தபால் நின்னதும் தெருவுல பேச ஆரம்பிச்சிட்டாங்க. ரங்கூன்ல செத்தாங்களாம், சிங்கப்பூர்ல செத்தாங்களாம்னு தெனம் ஒரு சேதி. உங்க வூட்ட பாத்துக்கினு போறவங்க, வெள்ளிக்கெழமையில மெழுகாத கெடக்குதே, சேதி கீதி வந்துட்ச்சான்னு அக்காவ கேக்கறாங்க. எத்தினி பேருக்குப் பதில் சொல்லும்? அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மன்கிட்ட குறி கேட்டுச்சி. உன் தரை சாணி கேக்குது, மெழுகு, புருஷன் பொழைச்சிருப்பான்னு சொன்னாங்க. வந்த அன்னிக்கே மெழுக ஒக்காந்துட்ச்சி. மொதல் நாளு சாணியோட செகப்பா தண்ணி கசிஞ்சிது மாமா. ரத்தம்னு பயந்து ஒரே அழுகை. மரத்துச் சாயம்னு நான்தான் சொன்னேன். அப்பவும் நிறுத்தல. மெழுகினா நீங்க உசுரோட இருக்கீங்க, அவ்ளோதான் அதுக்கு. மரம் போனா போவுது, மாமா."

மரம் போனால் போகிறது. ஐந்தாவது படித்த எனக்கு அது எழுத வரவில்லை.

6

அதற்குப் பிறகு போக முயற்சி செய்தேன். செய்யவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கப்பலில் இடத்துக்குப் பதிவு செய்கிற ஆபீசில் விடியற்காலையிலிருந்து வரிசை. மூன்று தரம் போய் நான்காவது தரம் கிளார்க்குக்கு முன்னால் நிற்கக் கிடைத்தது. தமிழர்தான், யாழ்ப்பாணத்துக்காரர்.

"மனைவியின் பெயர்?"

"அஞ்சலை."

என் ரேஷன் கார்டைப் புரட்டினார். "இதிலை ராசாத்தி எண்டல்லோ கிடக்குது?"

"அது இங்கே இருக்கிறவங்க."

"அப்ப அஞ்சலை ஆர்?"

"ஊர்ல இருக்கிறவங்க."

அவர் கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கு. எதைப் போடுறது, சொல்லுங்கோ."

எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இருமினார்கள், செருமினார்கள். நான் ரேஷன் கார்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பாரத்தை வாங்கிக்கொண்டார். ஒரு மாசத்தில் அது திரும்பி வந்தது, பூர்த்தி செய்யப்படவில்லை என்று. மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அஞ்சலை என்று எழுதினால் ராசாத்தியும் சரசுவும் தெருவில் நிற்பார்கள். ராசாத்தி என்று எழுதினால் எந்த ஊருக்குப் போகிறேன், எதற்குப் போகிறேன்? மரத்தில் தேறாததைக் கழித்துத் தள்ளுகிற கை இது. அந்தப் பாரத்தில் ஒரு கோடு போட வரவில்லை.

7

நான் சொல்லாததை இன்னொருவர் போய்ச் சொன்னார். மில்லில் என்னோடு வேலை செய்த முகையூர்க்காரர் ஒருவர் ஊர் திரும்பினார். அஞ்சலைக்கு ஒரு சேலையும் பாக்கியத்துக்கு ஒரு கடிகாரமும் அவரிடம் கொடுத்தனுப்பினேன். ஏழுமலை சௌக்கியமா என்று கேட்டவர்களுக்கு, சௌக்கியம்தான், அங்கேயும் ஒரு பெண்குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். எனக்கு இரண்டு வீடு இருப்பது அங்கே தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

பாக்கியத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது. அன்புள்ள என்பதும் இல்லை, அப்பாவுக்கு என்பதும் இல்லை. சேலையும் கடிகாரமும் வந்து சேர்ந்தன என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி:

"இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா தரை மெழுகுவதில்லை."

அவ்வளவுதான். திட்டவில்லை, சபிக்கவில்லை. ஊரைக் கூட்டி மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கார்டை வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் ஒரு பலகைக்கும் சரியாகக் கோடு போடவில்லை. பெட்டி மரமெல்லாம் பங்களாவுக்குப் போயிற்று. தவுக்கே காய்ச்சலா என்று மட்டும் கேட்டார்.

பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. ஏழு கடிதம் எழுதினேன். கடைசியில் தேசிங்குக்கு எழுதினேன். அவனும் எழுதவில்லை. மாமா மாமா என்று உயிரை விட்டவன்.

8

இதை மேலே உள்ளவரைக்கும் எழுதி முடித்து, ஊர் வாரப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் ஒரு உறை வந்தது. மேலே என் பேரும் மில்லின் விலாசமும், பாக்கியத்தின் மணி மணியான எழுத்தில். ராசாத்தி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சரசு பாடத்துக்காகச் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கடிதம் இல்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று. கல்யாணப் பத்திரிகை. நான் ஒரு தரம் படித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். சரசுவுக்குத் தமிழ் எழுத்தை எங்கே பார்த்தாலும் விடத் தெரியாது. என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். திருவாமாத்தூர்க் கோயிலில் முகூர்த்தம் என்று படித்தாள். தாய்மாமன் தேசிங்கு அழைக்கிறேன் என்று படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள்.

"கா... ல... ஞ்... செ... ன்... ற... காலஞ்சென்ற. காலஞ்சென்ற ஏழுமலை அவர்களுக்கும் அஞ்சலை அம்மாளுக்கும் பிறந்த ஏக புத்திரி பாக்கியம்... காலஞ்சென்றன்னா என்னாப்பா?"

வாத்தியாராக உட்கார்ந்திருக்கிறவன் பதில் சொல்லாமல் எப்படி?

"செத்துப்போனவங்க பேருக்கு முன்னால அப்படிப் போடுவாங்க" என்றேன்.

சரசு பத்திரிகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பத்திரிகையைப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஐயே, உங்க பேரு மாதிரியே இருக்கு! உங்க பேரேதான்! அப்பா, தப்பா அச்சடிச்சிட்டாங்க. லெட்டர் போட்டுச் சொல்லுங்க."

"தப்பில்ல கண்ணு" என்றேன். "சரியாத்தான் அச்சடிச்சிருக்காங்க."